புது ஊர், எட்டாம் வகுப்பு, மூன்று பள்ளிகள்

கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை கிடைத்து, போடியிலிருந்து வீடு மாற்றுவது என்று முடிவானது. வாடகை வீடு இரண்டே நாளில் அமைந்துவிட்டது. அலைய வைத்தது மகளின் பள்ளிதான். ஆறும் ஏழும் அரசுப் பள்ளியில் ஆங்கில வழியில் படித்தவள், இங்கே எட்டில் சேர வேண்டும். வீட்டைச் சுற்றி விசாரித்ததில் மூன்று பள்ளிகள் தேறின. பத்து நிமிட நடையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. பஸ்ஸில் நான்கு கிலோமீட்டர் போனால் அரசு மேல்நிலைப் பள்ளி. டவுனுக்குள் பழைய, நல்ல பெயருள்ள அரசு உதவி பெறும் மகளிர் பள்ளி.

யாரைக் கேட்டாலும் முதலில் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டைத்தான் சொன்னார்கள். அதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். நாற்பது பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினால் தேர்ச்சி இரண்டரை சதவீதம் இறங்கிவிடும். நானூறு பேர் எழுதும் பள்ளியில் அதே இறக்கத்துக்குப் பத்துப் பிள்ளைகள் தவற வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. அதனால் பிப்ரவரி மாதம், பள்ளி நடக்கிற நாளாகப் பார்த்து, மூன்றுக்கும் நேரில் போனோம்.

உதவி பெறும் பள்ளிதான் பார்த்ததும் மனதைப் பிடித்தது. பெரிய விளையாட்டுத் திடல், வேப்பமரங்கள், நூலகத்தில் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுப் புத்தகம் எடுத்துப்போன பதிவேடு. நான் புரட்டிய பக்கத்தில் அந்த வாரத் தேதிகளே இருந்தன. ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசு தருகிறது, நியமிப்பது நிர்வாகம். அதனால் இடமாறுதல் பெரும்பாலும் கிடையாது. ஒரே கணக்கு டீச்சர் இருபது வருடம் அங்கேயே இருப்பார், அக்காவுக்கும் தங்கைக்கும் அவரே நடத்துவார். இது சின்ன விஷயம் இல்லை. பாடப்புத்தகம் இலவசம், பிளஸ் ஒன்னில் சைக்கிள், இவையும் அரசுப் பள்ளி போலவே உண்டு.

ஆனால் இரண்டு இடத்தில் உதைத்தது. அங்கே அரசு உதவி தமிழ் வழி வகுப்புகளுக்குத்தான். ஆங்கில வழி சுயநிதிப் பிரிவு, கட்டணம் கட்ட வேண்டும். அதைக்கூடச் சமாளித்திருப்போம். இரண்டாவதுதான் பெரியது: தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று இடம் ஒதுக்கும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு.

இதைப் பல பெற்றோர் பிளஸ் டூ முடிந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். மருத்துவப் படிப்புக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-லும் சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளி இதில் சேராது. நடுவில் ஒரு வருடம் அங்கே போனாலும் தொடர்ச்சி அறுந்துவிடும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அரசுப் பள்ளி என்றே கணக்கு. எங்கள் தேனிப் பக்கத்தில் அரசு நடத்தும் கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் படித்துவிட்டு வந்தாலும் சரிதான். இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கிறது. மகள் ஏற்கெனவே இரண்டு வருடத்தைச் சேர்த்து வைத்திருக்கிறாள். ஒரு நூலகத்துக்காகவும் திடலுக்காகவும் அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் வேறு கதை. 2022-ல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் என்று தொடங்கியது, பிறகு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்தார்கள். உங்கள் பிள்ளை முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்றால், ஊர் மாறும் சாக்கில் ஆங்கில வழிக்கு மாற்றும் முன் ஒரு முறை யோசியுங்கள். மாநில அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழியில் இருந்தால்தான் அது கிடைக்கும்.

சரி, மீதி இரண்டும் அரசுப் பள்ளிகள். பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் வகுப்புக்கு முப்பது பிள்ளைகள்கூட இல்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் எட்டிப் பார்த்த பையனைத் தலைமை ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுதா?" என்று கேட்டார். கழிப்பறைக்கு நானே போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் இருந்தது, குழாயில் தண்ணீர் வந்தது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு வேறு எந்த வசதியையும்விட இது முக்கியம். பள்ளியைப் பார்க்கப் போகிற அம்மாக்கள் கூச்சப்படாமல் கேட்டுப் பாருங்கள்.

குறை ஒன்றுதான். பத்தோடு பள்ளி முடிந்துவிடுகிறது. பிளஸ் ஒன்னுக்கு வேறு பள்ளிக்குப் போய் நிற்கும்போது, பயோ-மேத்ஸ் போலக் கூட்டம் மோதும் குரூப்பில் அங்கேயே பத்து படித்த பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் முதலில் இடம். வெளியிலிருந்து வருபவர்கள் மிச்சம் இருப்பதில் பார்க்க வேண்டும். என்ன படிக்கப் போகிறாள் என்று இன்னும் முடிவாகாத பிள்ளைக்குப் பரவாயில்லை. என் மகள் மூன்று வருடமாக ஒரே பாட்டு, நர்ஸ் அல்லது டாக்டர்.

மேல்நிலைப் பள்ளியில் கூட்டம் அதிகம். எட்டாம் வகுப்பில் ஒரு பிரிவுக்கு ஐம்பத்தைந்து பேர். சத்தம், நெரிசல், மதியச் சாப்பாட்டுக்கு நீண்ட வரிசை. ஆனால் நாங்கள் போன நேரம் வேதியியல் ஆய்வகத்தில் பிளஸ் டூ பிள்ளைகள் சால்ட் அனாலிசிஸ் செய்துகொண்டிருந்தார்கள். மேசையில் கறை, சோதனைக் குழாயில் மஞ்சள் படிவு, ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பாட்டில்கள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும் ஆய்வகத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! மகள் ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

அங்கே நான் கேட்ட கேள்வி, எந்தெந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இடம் காலி என்பது. இயற்பியலுக்கு முதுகலை ஆசிரியர் இல்லை, பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிகமாக ஒருவர் எடுக்கிறார் என்று மறைக்காமல் சொன்னார்கள். எட்டாம் வகுப்புக்கு அது இப்போதைக்குத் தடை இல்லை. பிப்ரவரியில் பார்க்கிற ஆசிரியர்கள் ஜூனிலும் இருப்பார்கள் என்றும் எண்ண வேண்டாம். இடமாறுதல் கலந்தாய்வில் யாரும் போகலாம், வரலாம். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். அவரிடம் கேட்டபோது, "டீச்சருங்க வருவாங்க, போவாங்க. குரூப்பு இருக்குதான்னு பாருங்க கண்ணு" என்றார்.

அதனால் மேல்நிலைப் பள்ளியையே எடுத்தோம். என் மகளுக்கு மருத்துவ ஆசை இல்லாமலிருந்து, வீட்டில் அவளைப் பஸ் ஏற்றிவிட ஆளும் இல்லாமலிருந்தால், யோசிக்காமல் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் சேர்த்திருப்பேன். தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிப் படித்துவிட்டு வரும் பிள்ளை என்றால் 7.5 கணக்கு ஏற்கெனவே இல்லை. இழக்கச் சலுகை எதுவும் இல்லாத அந்த நிலையில், கட்டணம் முடியுமென்றால் உதவி பெறும் பள்ளிக்குத்தான் என் ஓட்டு.

சேர்க்கைக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழோடு எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்) குறித்துக்கொண்டு போங்கள். பழைய பள்ளி பிள்ளையின் பெயரை எமிஸில் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் புதுப் பள்ளி எடுக்க முடியும். எங்களுக்கு அது ஒரு போன் காலில் முடிந்தது. எட்டாம் வகுப்பு வரை, சான்றிதழ் தாமதம் என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. மகள் இப்போது எட்டேகால் பஸ்ஸில் போகிறாள். முதல் வாரம் நானும் கூடவே போனேன், இரண்டாவது வாரம் தெருவிலேயே இரண்டு தோழிகள் கிடைத்துவிட்டார்கள்.