ஸ்பிரிங் ஸ்டீல் என்று நம்பி 63 பவுண்டு போச்சு

நேற்று இரவிலிருந்து வயிறு எரிகிறது. 63 பவுண்டு.

இங்கிலாந்தில் எங்கள் ஊர் நாடகக் குழுவுக்கு உடை தைத்துக் கொடுக்கிறேன். இந்த முறை 1860களில் நடக்கும் கதை, நாயகிக்குக் கூண்டு போன்ற வளையப் பாவாடை வேண்டும். 1856இல் எஃகு வளையம் வருவதற்கு முன்னால் பெண்கள் குதிரைமயிர் கலந்த உள்பாவாடைகளை அடுக்கடுக்காகச் சுமந்தார்கள். அந்த எஃகு ஸ்பிரிங் எஃகாக இருக்க வேண்டும். உட்கார்ந்தால் நசுங்கி, எழுந்ததும் வட்டமாக விரிய வேண்டும்.

தையல் சாமான் விற்கும் ஓர் இணையக் கடையில் 15 மீட்டர் எஃகுப் பட்டை கேட்டேன். ஸ்பிரிங் ஸ்டீல்தானா என்று இரண்டு தடவை கேட்டதற்கு வீடியோ அனுப்பினார்கள். ஒரு கை பட்டையை எட்டுப் போல முறுக்கி விட, ‘டங்’கென்று நேரானது. அந்தச் சத்தத்தில்தான் விழுந்தேன். உடனே 63 பவுண்டு கட்டிவிட்டேன்.

வந்தது வெள்ளை உறை போட்ட அழகான பட்டை. ஐந்து வளையம் வெட்டி, நாடாவில் கோத்து, இடுப்புப் பட்டி வைக்க இரண்டு வாரம் ஆனது. நேற்று நாயகியாக நடிக்கும் பெண் அதைப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாள். கீழ் வளையம் மூன்று இடத்தில் மடிந்து, மிதித்த தகர டப்பா மாதிரி நின்றது. உறையைக் கிழித்தால் உள்ளே சாதா இரும்பு, கையாலேயே மடிகிறது.

கடைக்கு எழுதினேன். “காந்தம் ஒட்டுகிறதா? அப்படியானால் எஃகுதான்.” காந்தம் ஆணியிலும்தான் ஒட்டும்! அடுத்து, “வெட்டிய பொருளைத் திருப்ப முடியாது.” அப்புறம், “போடுகிறவர் எடை அதிகமோ?” கடைசியில் பிளாஸ்டிக் பட்டைக்கு 10 சதவீதம் தள்ளுபடி தருகிறார்களாம். ஆறு மீட்டர் துணியை அதன் மேல் போட்டால் தொங்கிவிடும்.

எந்தப் பாவாடைக்கு எந்தப் பட்டை என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. அரை மீட்டர் மாதிரித் துண்டு வாங்கி, தட்டு அளவுக்கு வளைத்து, பிறகு கையை எடுத்துப் பாருங்கள், நேராகாவிட்டால் வேண்டாம். சுருள் எஃகு, அதாவது கம்பியைச் சுருட்டித் தட்டையாக்கிய பட்டை, பக்கவாட்டிலும் வளையும், அது ரவிக்கைக்கு, வளையத்துக்கு அல்ல. பாவாடையை இடுப்பின் இரு பக்கமும் அகலமாக்கும் 18ஆம் நூற்றாண்டு இடுப்பு வளையம் என்றால் பிரம்பே போதும். வந்த அன்றே சோதியுங்கள், நான் செய்யவில்லை. இங்கே 2015 நுகர்வோர் சட்டப்படி, சொன்னதற்கு மாறான பொருளைத் திருப்ப 30 நாள் உண்டு. எனக்கு இன்னும் 14 நாள் இருக்கிறது, கடிதம் எழுதப் போகிறேன்.

சனிக்கிழமை உடை ஒத்திகை. வளையத்துக்கு இன்னும் வழியில்லை.