கேரவனோடு பயணிக்கும் குட்டி பைக்: சில ஆண்டு அனுபவம்

கேரவனை, அதாவது படுக்கையும் சமையலும் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியை, ஓரிடத்தில் நிறுத்தி, மட்டம் பார்த்து, தண்ணீரும் மின்சாரமும் இணைத்தாகிவிட்டது. அப்புறம் ஒரு தீப்பெட்டி வாங்க அதைக் கிளப்பிக்கொண்டு போக யாருக்கும் மனசு வராது. சைக்கிள் இருக்கிறதே என்பார்கள். மேட்டைக் கண்டதும் எங்கள் வீட்டில் யாருக்காவது முழங்கால் வலி வந்துவிடும். சில ஆண்டுகளாக எங்களோடு வருவது ஹோண்டா மங்கி 125 என்ற குட்டி பைக். கேரவனின் பின்னால், அதைத் தாங்கும் கேரியர் சட்டத்தில் குறுக்குவாட்டில் நிற்கும்.

பைக்கைப் பார்க்கும் முன் கேரவனைப் பாருங்கள். மங்கி பெட்ரோலோடு சுமார் 105 கிலோ, கேரியர் 30 கிலோ என்று வையுங்கள். 135 கிலோதானே என்று விட்டுவிட முடியாது. அது பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் தொங்குகிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி 4 மீட்டர் என்றால், சீசா கணக்குதான். பின் அச்சில் 200 கிலோவுக்கு மேல் ஏறும், முன் அச்சில் 67 கிலோ குறையும். முன்சக்கரம் இழுக்கும் வண்டியாக இருந்தால் ஈரப் புல்லில் சக்கரம் சும்மா சுற்றும். காரில் கட்டி இழுக்கும் கேரவன் என்றால் பின்னால் பைக்கைத் தொங்கவிடும் யோசனையே வேண்டாம். வேகத்தில் வால் ஆடத் தொடங்கினால் காரையும் சேர்த்து ஆட்டிவிடும். முழுச் சாமானோடு எடைமேடையில் ஏற்றி, அச்சு வாரியாக எடை பார்த்துவிட்டுத்தான் பைக் கடைக்குப் போக வேண்டும்.

எங்கள் பட்டியலில் ஹோண்டாவின் மற்ற குட்டி பைக்குகளான க்ரோமும் (Grom) சூப்பர் கப் சி125-ம் இருந்தன. மூன்றுக்கும் எடையில் பெரிய வித்தியாசமில்லை. சூப்பர் கப்பில் கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை, 17 அங்குலச் சக்கரம் பள்ளங்களை நன்றாகத் தாங்கும். ஆனால் நீளம் 1.9 மீட்டரைத் தாண்டுகிறது. மங்கி 1.71 மீட்டர்தான். குறுக்கே வைத்தால் இரண்டு பக்கமும் துருத்தாது. எங்களுக்கு அதுதான் முடிவு செய்தது.

ஓட்ட எப்படி? ஊருக்குள் சுகம். 12 அங்குலச் சக்கரம் என்பதால் உடைந்த சாலையில் ஒவ்வொரு குழியும் இடுப்புக்குத் தகவல் சொல்லும். பெரிய நெடுஞ்சாலைக்கு இது வேண்டாம். 5.6 லிட்டர் டேங்க். ஒருமுறை நிரப்பினால் மறந்தே போகலாம். எடை குறையட்டும் என்று பாதி டேங்கோடு ஏற்றுபவர்கள் உண்டு. மிச்சமாவது 2 கிலோ, அதற்கு இரண்டு தண்ணீர் பாட்டிலைக் குறைத்துவிடலாம்.

கட்டுவதில்தான் பொறுமை வேண்டும். கைப்பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் பட்டைகள் நான்கு. முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாயான ஃபோர்க் பாதியளவு அமுங்கும் வரை இறுக்குகிறேன். அதற்கு மேல் போனால் அதற்குள் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலுக்கு ஆகாது. பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் விர்ரென்று அடிக்காது. கிளம்பிச் சில கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும், எப்படியும் சற்றுத் தளர்ந்திருக்கும். தார்ப்பாய் உறை போடுவதை விட்டுவிட்டேன். அது படபடத்தே பெயின்ட்டைத் தேய்க்கும். உறை இல்லாததால் மழைநாளில் சக்கரம் வாரி அடிக்கும் சேறு முழுக்கச் செயினில்தான். போய்ச் சேர்ந்ததும் துடைத்து எண்ணெய் விட்டுவிடுவேன். பைக் மறைக்கும் பின்விளக்குக்கும் நம்பர் பிளேட்டுக்கும் தனிப் பலகை வைத்திருக்கிறோம்.

மங்கியில் இருக்கை ஒருவருக்குத்தான். எங்களில் ஒருவர் கடைக்குப் போனால் மற்றவர் நிம்மதியாகத் தூங்குவார் என்பதால் பிரச்சினை இல்லை. எப்போதும் ஜோடியாகத்தான் சுற்றுவீர்கள் என்றால் இருவர் உட்காரக்கூடிய க்ரோம் அல்லது ஹோண்டாவின் டாக்ஸ் 125 பாருங்கள். டாக்ஸில் டேங்க் 3.8 லிட்டர்தான்.