உச்சி வானத்துக்கு எது, தென்வானத்துக்கு எது? தோட்டப் பட்டணத்தில் ஒரு பைனாகுலர் அலசல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் நட்சத்திரம் பார்க்க பைனாகுலர் வாங்குபவர் கடைக்குப் போகும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்வது நல்லது. பெரும்பாலும் தலைக்கு மேலே பார்க்கப் போகிறாரா, தெற்கு அடிவானத்தையா? விலையும் நிறுவனமும் உருப்பெருக்கமும் அதற்குப் பிறகுதான்.

ஆங்கில வழிகாட்டிகள் பலவும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே ஒரையன் என்ற விண்மீன் கூட்டம் பாதி வானத்தில் நிற்கும். முக்காலியில் பூட்டிய கருவியால் வசதியாகப் பார்க்கலாம். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 5 பாகைக்கும் குறைவான இடத்தில் இருக்கிறோம். ஒரையனின் இடுப்பில் உள்ள மூன்று நட்சத்திரங்கள் பிப்ரவரித் தொடக்கத்தில் இரவு பத்து மணிக்குச் சற்று முன் நம் உச்சந்தலைக்கு மேல் வந்துவிடுகின்றன. அந்தக் கோணத்தில் முக்காலி உதவாது. கண் வைக்கும் பக்கம் தரையை நோக்கித் திரும்பிவிடும். நாம்தான் அதன் கால்களுக்கு நடுவே நுழைய வேண்டியிருக்கும். தென்சிலுவையோ உச்சத்தில் இருக்கும்போதே ஏறக்குறைய 25 பாகை உயரத்தைத்தான் எட்டுகிறது. அங்கே கையில் பிடிக்கும் சிறிய கருவியைவிட முக்காலியில் நிற்கும் பெரிய கருவிக்கே மதிப்பு.

களத்தில் இருப்பவை நான்கு: 7×50, 8×42, 10×50, 15×70. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஜூம் வகையை நான் இந்த வரிசையிலேயே சேர்க்கவில்லை. பார்வைப் பரப்பு சுருங்கிவிடும், படம் மங்கும், இரு குழல்களும் ஒன்றுபோல இயங்குவதும் அரிது.

7×50 கடலோடிகளின் கருவி. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும்; இதில் அது 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இருட்டில் இளைஞர்களின் கண்மணி ஏறக்குறைய அந்த அளவுக்கு விரியும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 5 மில்லிமீட்டரே பெரிது; மிச்ச ஒளி கண்ணுக்குள் நுழையாமலே போய்விடும். இளைஞருக்கும் நம் ஊரில் பயன் குறைவுதான். தெருவிளக்கும் செம்பனை ஆலையின் விளக்குகளும் வானத்தை வெளுக்க வைத்திருக்கும் இடத்தில், 10×50 காட்டுவதைவிட இரு மடங்கு வெளிச்சமான பின்னணியை இது காட்டும். அந்தச் சாம்பல் நிறத்தில் மங்கலான நட்சத்திரங்கள் கரைந்துபோகும். உட்காட்டுத் தோட்டத்தில், விளக்கே இல்லாத இடத்தில் இருப்பவர் மட்டும் இதை யோசிக்கலாம்.

உண்மையான போட்டி 8×42க்கும் 10×50க்கும் இடையில்தான். லென்ஸின் பரப்பைக் கணக்கிட்டால் 50 மில்லிமீட்டர் கருவி 42ஐவிட ஏறக்குறைய 40 விழுக்காடு கூடுதல் ஒளி சேர்க்கிறது. உருப்பெருக்கமும் கூடுதல். பூசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்தன்று முழுநிலவு அந்தப் பக்கமாகத்தான் நிற்கிறது. அன்று அங்கே வேறொன்றையும் பார்க்க முடியாது. நிலவு தேய்ந்து, பிந்தி எழத் தொடங்கிய பிறகு அதே இடத்தில் பைனாகுலரைத் திருப்பினால் எம்44 என்ற நட்சத்திரக் கொத்து இருக்கிறது. ஊர் விளக்குக்கு நடுவே வெறுங்கண்ணுக்குப் புலப்படாதது, 10×50இல் தனித்தனிப் புள்ளிகளாக உடைகிறது. 8×42இலும் உடையும், ஆனால் ஓரத்து மங்கல் நட்சத்திரங்கள் சில விடுபடும். வியாழனின் நான்கு பெரிய நிலவுகளிலும் இதே வித்தியாசம். காரின் கூரையில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் 10×50 அவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும்.

ஆனால் ஊன்ற இடம் வேண்டுமே. உச்சி வானத்தைப் பார்க்கும்போது ஊன்றுவதற்கு எதுவும் இருக்காது. குழல் வளைந்து அகன்றிருக்கும் போரோ வகை 10×50 ஏறக்குறைய 900 கிராம் இருக்கும். 8×42 பலவும் 700 கிராமுக்குள் அடங்கிவிடும். பாயில் படுத்து, கையை உயர்த்தி, பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள்; அந்த 200 கிராம் எங்கே இருக்கிறது என்று தோள்பட்டை சொல்லும். கை நடுக்கத்தையும் கருவி அதே மடங்கில் பெருக்குகிறது. பல ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்ந்த பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் முதலில் 10×50ஐக் கொடுத்தேன். கார்த்திகை ஆடிக்கொண்டே இருக்கிறது என்று திருப்பித் தந்துவிட்டார். சாய்வு நாற்காலியில் அமரவைத்து 8×42ஐக் கொடுத்ததும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஆறு பேர் என்றுதானே சொல்வார்கள், தம்பி? இங்கே ஒரு கூட்டமே நிற்கிறதே” என்றார்.

இன்னொன்றும் 8×42 பக்கம் நிற்கிறது: ஈரம். 10×50 பெரும்பாலும் போரோ வகை. அதில் பலவற்றில் கூர்மை சரிசெய்யும் சக்கரத்தைத் திருப்பும்போது கண் வைக்கும் குழல்கள் வெளியே வந்து உள்ளே போகின்றன. ஒவ்வொரு முறையும் நம் ஊரின் ஈரக்காற்று கொஞ்சம் உள்ளே இழுக்கப்படுகிறது. குழல் நேராக இருக்கும் ரூஃப் வகை 8×42இல் நகரும் பாகம் உள்ளேயே இருப்பதால், ரப்பர் வளையமிட்டு அடைத்து, நைட்ரஜன் நிரப்பித் தருகிறார்கள். ஆனால் ஒரே தரத்துக்கு ரூஃப் வகையில் விலை கூடும். மலிவான ரூஃப் கருவியைவிட அதே விலைக்குக் கிடைக்கும் போரோவில் படம் நன்றாக இருக்கும்.

என் தீர்ப்பு இது. கை உறுதியானவர், பராமரிப்பில் கவனமானவர் என்றால் 10×50. குடும்பத்தோடு, பிள்ளைகளும் தாத்தா பாட்டியும் கைமாற்றிப் பார்ப்பதென்றால் அடைப்புள்ள 8×42. மூக்குக்கண்ணாடி அணிபவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கண்ணை லென்ஸிலிருந்து குறைந்தது 15 மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலும் முழு வட்டமும் தெரிய வேண்டும். நிக்கான் அக்குலான் 10×50 போன்ற நல்ல கருவிகளும் இந்த இடத்தில் குறைபட்டுப் போகின்றன.

இனி தென்வானம். இங்கே 15×70க்கு நிகர் இல்லை. 10×50ஐவிட ஏறக்குறைய இரு மடங்கு ஒளி. மே மாதத்தின் நடுவில், இருட்டியதும் கரினா நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகம் தெற்கே நிற்கும். பத்து மணி வாக்கில் தென்சிலுவை நிமிரும். அடுத்த ஒரு மணி நேரத்தில் ஒமேகா சென்டாரி வந்துவிடும். சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில், ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள் திரண்ட உருண்டை அது. 10×50இல் மங்கலான பஞ்சுப்பொட்டு. 15×70இல் நடுவில் அடர்ந்து ஓரத்தில் மெலிகிற உருவம் புரிகிறது. லண்டனில் இருப்பவருக்கு இது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. நமக்கு 37 பாகை உயரத்தில் வந்து நிற்பதை நாம் பார்க்காமல் விடுவது பெரிய இழப்பு.

செலஸ்ட்ரான் ஸ்கைமாஸ்டர் 15×70 இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர். எடை 1.3 கிலோவுக்கு மேல், பார்வைப் பரப்பு 4.4 பாகை. கையில் பிடித்துப் பார்ப்பது வீண். உயரமான, உறுதியான முக்காலியும் கருவியை அதில் பூட்டும் எல் வடிவ இணைப்பானும் சேர்த்தே விலையைக் கணக்கிட வேண்டும். மலிவான பெரிய கருவிகளில் அடி பட்டால் இரு குழல்களும் ஒரே திசை பார்ப்பதை நிறுத்திவிடும்; மோட்டார் சைக்கிளில் பையில் தொங்கவிட்டு எடுத்துப் போகாதீர்கள்.

இடமும் முக்கியம். முதிர்ந்த செம்பனை மரம் 12 மீட்டர் உயரம் என்றால், அதிலிருந்து 26 மீட்டருக்குள் நிற்பவருக்குத் தென்சிலுவையை ஓலைகள் மறைத்துவிடும். மறுநடவு செய்த பகுதிதான் சிறந்தது; கன்றுகள் சிறியவையாக இருக்கும் ஓரிரு ஆண்டுகளுக்குத் தெற்கே அடிவானம் வரை திறந்திருக்கும். தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுப் போங்கள், பூட்ஸ் அணிந்து போங்கள். எலி தேடி நாகம் உலவும் இடம் அது. அனுமதி கிடைக்காவிட்டால் பள்ளித் திடலின் வடக்கு ஓரம் போதும்.

சிறிய தொலைநோக்கி வாங்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சனியின் வளையம்தான் ஆசை என்றால் அதுவே சரி; 15 மடங்கில் சனி நீள்வட்டமாகத் தெரிந்தாலே அதிகம். கார்த்திகை, ரோகிணியைச் சுற்றிய கொத்து, மூலத்துக்குப் பக்கத்தில் உள்ள எம்7 கொத்து ஆகியவற்றுக்கு அகன்ற பார்வை வேண்டும். அங்கே பைனாகுலரே வெல்கிறது.

கடையில் சோதிக்க இரண்டு வழிகள். கருவியைக் கை நீட்டிப் பிடித்து வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்பினால் கண்பக்க லென்ஸில் சிறு ஒளிவட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருந்தால் உள்ளே உள்ள பட்டகம் பேக்4 கண்ணாடியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓரம் சதுரமாக வெட்டுப்பட்டிருந்தால் மலிவான பிகே7. அடுத்து, தூரத்து மின்கம்பியை இரு கண்ணாலும் பாருங்கள். இரண்டாகத் தெரிந்தாலோ, பார்த்து முடித்ததும் கண் வலித்தாலோ வாங்க வேண்டாம். பகலில் சோதிக்கும்போது சூரியன் இருக்கும் பக்கமே கருவியைத் திருப்பக் கூடாது. ஒரு கணம் போதும், பார்வை போய்விடும். லென்ஸ் பூச்சைப் பற்றிப் பெட்டியில் எழுதியிருப்பதில், எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு என்றிருந்தால் மட்டுமே நம்பலாம். சிவப்பாக மின்னும் லென்ஸ் அழகாக இருக்கும், வானத்துக்கு ஆகாது.

வாங்கிய பிறகு எதிரி பூஞ்சைதான். இரவில் பனி படிந்தால் துணியால் துடைக்காமல், மூடியைத் திறந்தே வைத்து மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். ஈரத்தோடு உறைக்குள் போட்டால் லென்ஸின் உள்பக்கம் சிலந்தி வலைபோல இழை ஓடும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டி, ஈரப்பதமானி, சிலிகா ஜெல் மூன்றும் சேர்ந்தாலும் பெரிய செலவில்லை. முள்ளை 40க்கும் 50 விழுக்காட்டுக்கும் இடையில் வைத்திருங்கள். சிலிகா ஜெல் நிறம் மாறியதும் மாற்றிவிட வேண்டும். அக்டோபர், நவம்பர் மழையில் அது சீக்கிரமே மாறிவிடும்.