ஊசி உண்டு, நூல் இல்லை: வாழ்த்து அட்டையில் போலித் தையல்

2019 பொங்கலுக்கு ஆரம்பித்தது. வருடத்துக்கு நாற்பது, ஐம்பது அட்டை செய்கிறேன்; பாதிக்கு மேல் ஓரத்தில் தையல் ஓடும். ஆனால் நூல் கிடையாது, வெள்ளை ஜெல் பேனாதான்.

நிஜமாகவே தைத்தால் என்ன என்று கேட்பார்கள். தைத்தும் பார்த்தேன். பின்பக்கம் முடிச்சு துருத்திக்கொண்டு நிற்கும். அதை மறைக்க இன்னொரு தாள் ஒட்டினால் அட்டை தடித்துக் கவருக்குள் போகாது.

முதல் வருடம் ஸ்கேல் வைத்துச் சின்னச் சின்னக் கோடாகப் போட்டேன். தையல் மாதிரி இல்லை, ரோட்டு நடுவில் அடிக்கும் வெள்ளைக் கோடு மாதிரி இருந்தது. தெருமுனை டெய்லர் அண்ணனுக்கு ஒன்று கொடுத்தேன். வாங்கியவர் முன்பக்கத்தை ஒழுங்காகக்கூடப் பார்க்கவில்லை, நேராகத் திருப்பினார். "ஏம்மா, ஊசி ஏறின ஓட்டையே இல்லையே? இவ்வளவு இடம் விட்டு யாரும்மா தைப்பாங்க?" என்றார். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான பாடம் அதுதான். நூலை வரைந்தால் கண் நம்பாது, ஓட்டையைப் பார்த்தால் நம்பிவிடும்.

அன்றிலிருந்து முதலில் குத்தல், பிறகுதான் பேனா. 16ஆம் நம்பர் மெஷின் ஊசியை அழிரப்பரில் செருகிக்கொள்வேன், அடியில் ஒரு பழைய ரப்பர் செருப்பு. முன்பக்கமிருந்து குத்த வேண்டும். அப்போதுதான் பிசிறு பின்னால் போகும். கோணி ஊசியை எடுத்துவிடாதீர்கள், கரையான் அரித்த மாதிரி ஆகிவிடும்.

தையல் 3 மில்லிமீட்டர், இடைவெளி 2. மூலையில் வந்து முட்டும்போதுதான் தலைவலி. கடைசித் தையல் பாதியில் நின்றால் மொத்த அழகும் போச்சு. A4 தாளின் கால்பாகம், அதாவது 105×148 அட்டைக்கு, மேலே ஒட்டும் வண்ணத் தாளை நான் 93×138 ஆக வெட்டுகிறேன். ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் தையல் ஓடும் நீளம் 83, 128. இரண்டுமே ஐந்தின் மடங்கோடு மூன்று. எந்தப் பக்கம் போனாலும் முழுத் தையலில் தொடங்கி முழுத் தையலில் முடியும். மூலை ஓட்டையை இரு பக்கமும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு அட்டைக்கு 86 தையல், 168 ஓட்டை. இந்த அளவில் பிளாஸ்டிக் ஷீட்டில் ஒரு வழிகாட்டி குத்தி வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் என்றைக்கோ விட்டிருப்பேன்.

கோட்டை ஓட்டைவரை இழுக்காமல் மயிரிழை முன்னாலேயே நிறுத்துங்கள். முனை ஓட்டையில் இறங்கினால் பேப்பர் பஞ்சு சிக்கி மை அடைத்துக்கொள்ளும். கோடு லேசாகச் சாய்ந்திருக்கட்டும், ஒவ்வொன்றின் கீழும் கூர்மையான பென்சிலால் நிழல் மாதிரி ஒரு தொடல். வெள்ளை மேலே தூக்கி நிற்கும். நிழலே வேண்டாம் என்பாள் என் தங்கை. அவள் அட்டைகள் தட்டையாக இருக்கும், நான் சொல்வதில்லை.

பேனா விஷயத்தில் சிக்கனம் பார்த்து ஏமாந்தேன். பத்து ரூபாய்ப் பேனா இரண்டாவது அட்டையிலேயே திக்கியது. இப்போது சகுரா ஜெல்லி ரோல் 08 மட்டும்தான். ஜெல் மையை 1984இல் கொண்டுவந்ததே அந்த ஜப்பான் கம்பெனி. அதுவும் சும்மா கிடந்தால் அடைக்கும்; ரஃப் நோட்டில் நாலு கிறுக்கு கிறுக்கினால் சரியாகிவிடும். ஐப்பசி அடைமழையில் மை காயவே காயாது. ஒருமுறை அவசரத்தில் அடுக்கி வைத்து, ஒன்றின் தையல் இன்னொன்றின் முதுகில் பதிந்துவிட்டது.

எத்தனை நாள் தாங்கும்? ஒவ்வொரு வருடமும் ஒன்று எடுத்து வைக்கிறேன். ஷோகேஸ் வெயிலில் கறுப்புத் தாள் பழுப்பாகிவிட்டது, வெள்ளை அப்படியே இருக்கிறது. அடர் சிவப்புச் சார்ட்டில் மட்டும் தாளின் சாயம் ஏறித் தையல் ரோஸ் ஆகிவிட்டது. பளபள தாளில் நகம் பட்டாலே உதிர்கிறது.

குறுக்குவழிகளையும் விட்டு வைக்கவில்லை. தையல் ரப்பர் ஸ்டாம்ப் வேஸ்ட். டெய்லர்கள் உருட்டும் பல் சக்கரம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கெட்டித் தாளில் துளைக்காது, பள்ளம்தான் விழும். வளைவுகளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். அம்மாவின் தையல் மெஷினில் நூல் கோக்காமல் ஓட்டினால் நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் பேப்பர் தைத்த ஊசி மழுங்கிவிடும், அதில் துணி தைக்கக் கூடாது. சொல்லாமல் எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். தையலை மிக நெருக்கமாகவும் வைக்காதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்து, தபால்தலை கிழிகிற மாதிரி ஓரம் தனியாகக் கையோடு வந்துவிட்டது.

இன்னும் பிடிபடாதது இதய வடிவத்தின் கீழ்முனை. இரண்டு பக்கத்துத் தையலும் அங்கே ஒழுங்காகச் சேர்வதே இல்லை. அந்த இடத்தில் ஒரு பழைய சட்டைப் பட்டனை ஒட்டிவிடுகிறேன்.