தண்டவாளம் இருந்தால் செலவு குறையுமா? பிரிட்டனில் மீண்டும் திறந்த மூன்று பாதைகள்

பயணிகள் ரயில் நின்றுபோன பாதையில் தண்டவாளம் மட்டும் மிச்சமிருந்தால் பாதிச் செலவு தப்பியது என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். இந்த மூன்று பாதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தக் கணக்கு நிற்பதில்லை.

இங்கிலாந்தின் டெவனில் கிரெடிட்டன்–ஓக்ஹாம்ப்டன் பாதை. வழக்கமான பயணிகள் சேவை 1972-இல் நின்றது. மெல்டன் கல்குவாரியின் சரக்கு ரயிலுக்காகத் தண்டவாளம் தப்பியது. 2021 நவம்பரில் திறந்தார்கள். ஒதுக்கீடு 4.05 கோடி பவுண்டு, அதிலும் சுமார் 1 கோடி மிச்சம். இருந்த தண்டவாளத்தையே நம்பவில்லை: 11 மைலுக்குப் புதிதாகப் போட்டார்கள், 24,000 கான்கிரீட் ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை), 29,000 டன் ஜல்லி. அப்படியும் மலிவாக முடிந்ததற்குக் காரணம், புது ஸ்டேஷன் ஒன்றுகூடக் கட்டவில்லை.

நியூகாசில்–ஆஷிங்டன் பாதை 18 மைல். 1964-இல் பயணிகள் சேவை போனாலும் சரக்கு ரயில் நிற்கவே இல்லை. ஆனால் செலவு 16.6 கோடி மதிப்பீட்டிலிருந்து 29.85 கோடிக்கு ஏறியது, மைலுக்கு 1.66 கோடி. ஆறு புது ஸ்டேஷன்களில் 2024 டிசம்பர் திறப்புக்கு இரண்டுதான் தயார். ஸ்டேஷன் என்றால் வெறும் நடைமேடை அல்ல. மேம்பாலம், லிஃப்ட், கார் நிறுத்தம், அடியில் பழைய நிலக்கரிச் சுரங்கம் இருந்தால் அதை நிரப்பும் வேலையும் சேரும். அடுத்தது லெவல் கிராசிங். எப்போதாவது சரக்கு ரயில் போகும்போது சாலையை மூடினால் யாரும் பெரிதாக முணுமுணுப்பதில்லை. அரைமணிக்கு ஒரு ரயில் இரு திசையிலும் ஓடினால் மணிக்கு நான்கு முறை கேட் விழும். அதற்கேற்ப சிக்னலை மாற்ற வேண்டும், சில இடங்களில் கிராசிங்கையே மூடிச் சுரங்கப்பாதை போட வேண்டும்.

ஸ்காட்லாந்தின் பார்டர்ஸ் பாதைதான் வியப்பு. 1969-இல் மூடி, தண்டவாளத்தையே பிடுங்கிவிட்டார்கள். நடுவில் எடின்பரோ புறவழிச்சாலை குறுக்கே வந்துவிட்டது. 2015-இல் திறந்த 30 மைலுக்கு, ஏழு புது ஸ்டேஷன்களோடு, 2012 விலையில் 29.4 கோடி. மைலுக்கு ஒரு கோடிக்கும் கொஞ்சம் கீழே! விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்தாலும் ஆஷிங்டனைத் தொடுவது கடினம்.

ஆனால் இந்த மலிவுக்கு ஒரு விலை உண்டு. பழைய இரட்டைப் பாதை ஒற்றையாக வந்தது. ரயில்கள் விலகிக்கொள்ள 9.5 மைல் மட்டுமே இரட்டை. எதிரில் வரும் ரயில் தாமதித்தால் இந்த ரயிலும் அந்த இரட்டைப் பகுதியில் காத்திருக்கும், அடுத்த ரயிலின் நேரமும் கெடும். புதிய பாலங்கள் சிலவற்றையும் ஒற்றை அகலத்துக்கே கட்டிவிட்டார்கள். இது எனக்குச் சற்றும் ஏற்பில்லை. பாலத்தை அன்றே அகலமாகக் கட்டியிருந்தால் கூடுதல் செலவு சிறிது. ரயில் ஓடத் தொடங்கியபின் அகலப்படுத்த சேவையை நிறுத்திவிட்டு இடிக்க வேண்டியிருக்கும்.