பாரத் கிருஹ ரக்ஷா: வீட்டுக் கட்டடத்துக்கான காப்பீடு, எங்கள் அனுபவம்

2024 டிசம்பர் முதல் நாள் பெஞ்சல் புயல் மழை கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியபோது, பேருந்து நிலையத்தருகே நின்ற வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டன. எங்கள் வீட்டின் பின்பக்கச் சுற்றுச்சுவரும் ஏறக்குறைய முப்பதடி நீளத்துக்குச் சாய்ந்துவிட்டது. வீட்டுக் கடன் வாங்கும்போது எடுத்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியை அன்றுதான் முழுமையாகப் படித்தேன்.

எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 2021 ஏப்ரல் முதல் கட்டாயம் வழங்கவேண்டிய பாலிசி இது. தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு ஆகியவற்றால் கட்டடத்துக்கு நேரும் சேதத்தை இது ஏற்கிறது. சுற்றுச்சுவர், கேட், நீர்த்தொட்டி, செப்டிக் டேங்க், சோலார் பலகை எல்லாமே கட்டடத்தில் சேர்த்தி என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

சேதத்தை மதிப்பிட காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர், விழுந்த சுவரின் அடிக்கல்லிலிருந்து டேப் பிடித்து அளந்தார். பிறகு மாடிப்படிக்குக் கீழிருந்த விரிசலை விரலால் தடவிப் பார்த்து, அது பழைய நீர்க்கசிவு என்று தனியே குறித்துக்கொண்டார். சுவருக்குப் பணம் வந்தது, விரிசலுக்கு வரவில்லை. நாள்பட்ட தேய்மானம் இதில் அடங்காது என்பதால் அது நியாயம்தான்.

என் மனக்குறை பாலிசியின் மீது அல்ல, அதை விற்றவிதத்தின் மீது. காப்பீட்டுத் தொகை என்ற கட்டத்தில் முகவர் எங்கள் கடன் தொகையான 12 லட்சத்தையே எழுதியிருந்தார். உண்மையில் அங்கே வரவேண்டியது, கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பை, இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கிய தொகை. மனையின் விலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. எங்கள் 1,000 சதுர அடிக்கு, எங்கள் மேஸ்திரி சொன்ன 2,000 ரூபாய் வீதம் 20 லட்சம் ஆகிறது. காப்பீடு குறைவாக இருக்கிறதென்று சேதத் தொகையை விகிதப்படி வெட்டும் வழக்கம் இந்தப் பாலிசியில் இல்லாததால் சுவருக்கு முழுத்தொகை கிடைத்தது. ஆனால் வீடே இடிந்திருந்தால் 12 லட்சத்துக்கு மேல் கட்டடத்துக்கு ஒரு ரூபாயும் வந்திருக்காது. அதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது.

வீட்டுப் பொருள்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம், தானாகவே சேரும். நகைக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்கவேண்டும்.

புதுப்பிக்கும்போது 20 லட்சமாக மாற்றி, கட்டட வரைபடத்தின் நகலையும் விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுத்திருக்கிறேன்.