மார்கழிக் கூதலில் கொற்கையும் மணப்பாடும்

நான்கு ஆண்டுகள் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்திருந்த நாங்கள், மார்கழி மழை ஓய்ந்த மறுநாள், அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து வாடகைக் காரில் கொற்கைக்கும் மணப்பாட்டுக்கும் போய்வந்தோம். கிலோமீட்டர் வாடகையையும் பேட்டாவையும் முந்தின நாளே தெளிவாகச் சொல்லிவிட்ட ஓட்டுநர், குறித்த நேரத்துக்கு முன்பே வாசலில் வந்து நின்றதோடு, நாள் முழுவதும் அம்மாவை ‘ஆச்சி’ என்று அழைத்துக் கைபிடித்து இறக்கிவிட்டார்.

ஏரல் வழியாகக் கொற்கைக்குள் நுழைந்ததும், “கடல் எங்கே?” என்று மகள் கேட்டாள். சங்கப் புலவர்கள் முத்துக்காகப் பாடியதும், பழைய கிரேக்கக் கடற்பயணக் குறிப்பில் ‘கொல்கோய்’ என இடம்பெற்றதுமான பாண்டியர் துறைமுகம், தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடல் விலகிப்போனதால், இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கிறது. 1968-69 அகழாய்வில் கிடைத்த மாதிரி ஒன்றுக்குக் கரிமக் கணிப்பில் கி.மு. 785 என்று காலம் சொல்லப்பட்டது. இத்தனை தொன்மையுள்ள ஊரில், கடல் எதுவரை இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு வரைபடப் பலகைகூட எங்கள் கண்ணில் படவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம். அதைவிட வருத்தம், குளிரில் கழிப்பறை தேடி அம்மா தவித்தது. அதைக் கண்ட ஒரு வீட்டுப் பெண்மணி, “உள்ள வாங்க ஆச்சி, இதுக்குப் போயி யோசிச்சிக்கிட்டு” என்று அழைத்துச் சென்று, திரும்பும்போது கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பியும் கொடுத்தார். பணம் நீட்டியபோது கையை மடக்கிவிட்டார். முதியவர்களோடு செல்வோர் ஏரலிலேயே இந்தத் தேவையை முடித்துக்கொள்வது நல்லது.

மணப்பாட்டில் வாடைக்காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. புயலில் முறிந்த போர்ச்சுகீசியக் கப்பலின் பாய்மரத்தால் செய்த சிலுவை என்று ஊரார் போற்றும் திருச்சிலுவைக் கோவில் குன்றையும், 1542இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையையும் பார்த்தோம். குகைக்கு இறங்க முடியாத அம்மாவுக்காக, கேட்காமலே ஒருவர் நாற்காலி கொண்டுவந்து காற்று மறைவில் போட்டார். சால்வையைக் காதோடு இழுத்துப் போர்த்திய அம்மா, கரையேறிய வள்ளங்களைப் பார்த்தபடி அரை மணி நேரம் அங்கேயே அமர்ந்திருந்தார். பனையோலைப் பெட்டிகள் இரண்டு வாங்கிக்கொண்டு கிளம்புகையில், கொற்கை எந்தப் பக்கம் என்று மகள் கேட்க, ஓட்டுநர் வடக்கே கைகாட்டினார்.